தொண்டைமானாற்றின் வாய்

1953 இல் தொண்டைமானாற்றின் கழிமுகத்தில் தடுப்பணை கட்டி முடிந்தது. பார்வைக்கு அது பெரிய கட்டுமானமல்ல. வரிசையாகக் கதவுகள், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். மழைக்காலத்தில் களப்பில் சேரும் நன்னீரைப் பிடித்துவைப்பதும், கோடையில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. ஆற்றுவளம் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தண்ணீர் தேடிய பெருந்திட்டம் ஒன்றின் வடக்கு வாசல் அது. எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. குடாநாட்டின் தண்ணீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரணைமடுக் குளத்தையும் மகாவலி ஆற்றையும் பேசுகிறோம். நம் கையருகே இருக்கும் இந்தக் கதவுகளைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். அவை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும், அதை யார் தீர்மானிக்க வேண்டும் என்ற கேள்விகளில்தான் இந்தக் கரையோரக் கிராமத்தின் வரலாறும் அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தின் எதிர்காலமும் அடங்கியிருக்கின்றன என்பது என் எண்ணம்.

தொண்டைமானாறு வடமராட்சியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கிழக்கே போனால் வல்வெட்டித்துறை. மேற்கே அக்கரை, அதற்கப்பால் பலாலிக் கரை. கெருடாவிலும் மயிலியதனையும் அண்டிய குறிச்சிகள். நீருக்கு அந்தப்புறம் இடைக்காடும் அச்சுவேலியும் வலிகாமத்தின் தோட்டக் காணிகளோடு தொடங்குகின்றன. ஊரின் பெயரில் ஆறு இருந்தாலும் இது கடல்நீரேரி. கழிமுகத்திலிருந்து தெற்கே உள்நாட்டுக்குள் நுழைந்து, பின் கிழக்கே திரும்பி, வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் இடையே நீண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 77 சதுர கிலோமீற்றர் பரப்பு. ஆழம் மட்டும் கிடையாது. பல இடங்களில் ஆள் நடந்து கடக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிறவர்கள் இந்தக் களப்பை வல்லையில் கடக்கிறார்கள். வல்லை முனியப்பர் கோயிலடியில் வாகனத்தை நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டு வெளிக்குள் இறங்கினால் காற்று ஆளைத் தள்ளும். மாரியில் அந்த வெளி முழுக்கத் தண்ணீர். ஆடி மாதத்தில் அதே இடம் வெடித்துப் பிளந்து, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். ஒரே நிலம் ஆண்டில் இரண்டு முறை ஆள் மாறுகிறது. கரணவாய், கப்பூது, அந்தணத்திடல், வரணிப் பக்கத்து வயல்காரர் இந்த மாற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் விதைக்கிறார்கள். மழை பிந்தினால் உவர் பயிரைக் கருக்கும். மழை மிஞ்சினால் பயிர் வெள்ளத்துக்குள் போகும். இரண்டு ஆபத்துக்கும் இடையில் கிடைக்கும் சில மாதங்கள்தான் அவர்களுடைய காலபோகம்.

கழிமுகத்தைப் பற்றிய பழைய கதை நெல்லைப் பற்றியதல்ல, உப்பைப் பற்றியது. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியின் நாயகனுமான கருணாகரத் தொண்டைமான் இங்கே வந்து, கரணவாய்ப் பக்கத்தில் விளையும் உப்பை மரக்கலங்களில் ஏற்றிப்போக ஆற்றை வெட்டுவித்தான், அதனால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பது மரபு. தொண்டைமான் உப்புக்காக ஆறு வெட்டுவித்த கதையை யாழ்ப்பாண வைபவமாலையும் சொல்கிறது. ஆனால் மயில்வாகனப் புலவர் அந்த நூலை எழுதியது ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில். குலோத்துங்கன் காலத்துக்கும் அதற்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். இந்த ஒரு கதையை மட்டும் வைத்துக்கொண்டு சோழப் படைத்தலைவன் இந்தக் கரையில் மண்வெட்டி போட்டான் என்று வரலாறு எழுத முடியாது.

எனினும் கதையைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அதற்குள் நிலத்தைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது. கரைநீரோட்டம் மணலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும் கடற்கரையில், ஆழமற்ற ஒரு களப்பின் வாய் தன்பாட்டில் திறந்து நிற்காது. யாராவது வெட்டிவிட வேண்டும், தூர் எடுக்க வேண்டும். தொண்டைமானாற்றின் வாய் மனிதக் கை பட்ட வாய் என்பதை இந்த ஊர்ச் சனம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அந்தக் கைக்கு ஒரு பெருவீரனின் பெயரைக் கொடுத்திருக்கிறது. அன்று உப்புக்காகத் திறந்ததாகச் சொல்லப்படும் அதே வாயை 20ஆம் நூற்றாண்டின் பொறியியலாளர்கள் உப்பு வராமல் அடைக்கப் புறப்பட்டார்கள். நடுவில் மாறியது கடல் அல்ல, குடாநாட்டின் தேவை.

ஊரின் இன்னொரு கதையும் நீரிலேயே தொடங்குகிறது. ஆற்றில் அத்தாங்கு போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த மருதர் கதிர்காமரை முருகன் அழைத்தான், வேலைக் கொடுத்துப் பூவரச மரத்தடியில் வைத்துப் பூசை செய்யச் சொன்னான் என்பதே இங்குள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் தலவரலாறு. இன்றும் கதிர்காமர் வழிவந்த பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்கிறார்கள். அறுபத்தைந்து ஆலமிலையில் அமுது படைக்கிறார்கள். ஆகம விதிப்படி பிராமணக் குருக்கள் பூசை செய்யும் கோயில்கள் நிறைந்த குடாநாட்டில், பெருங்கூட்டம் சேரும் கோயில் ஒன்று மீன்பிடிகாரரின் மரபில் இப்படி நிலைத்திருப்பது சாதாரண விடயமல்ல. கதிர்காமத்துக்கான பாதயாத்திரை இங்கிருந்து புறப்படுகிறது. மடங்களில் நாள் தவறாமல் அன்னதானம் நடக்கிறது. களப்பு என்பது வயலுக்கு இடையூறான உவர்நீர் மட்டுமல்ல, அதுவே ஒரு சாராரின் வயல் என்பதையும் இந்தத் தலவரலாறு பதிவு செய்து வைத்திருக்கிறது. இதைப் பின்னால் மறந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது விளங்காமல் கதவுகளின் தேவை விளங்காது.

குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காற்றுக் காலத்தில் விழுகிறது. விழும் மழை கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கி நிலத்தடியில் சேர்கிறது. ஆனால் அதே கல்லுக்குள் கடலும் பக்கவாட்டில் ஊடுருவி நிற்கிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது, கடல்நீர் கூடியது. எனவே நன்னீர் ஒரு வில்லையைப் போலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது; நிலப்பரப்பின் நடுவில் தடித்து, கரையோரம் வரவர மெலிந்து போகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபெனும், 1901 இல் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். கணக்கின் மறுபக்கம் பயங்கரமானது. மேலே 1 மீற்றரை இறைத்துத் தீர்த்தால் கீழே 40 மீற்றர் நன்னீர் போய்விடும். அந்த இடத்துக்கு உப்புநீர் ஏறி வரும். சீரான மணலுக்குச் சொன்ன கணக்கு இது. பொந்தும் குகையுமான சுண்ணாம்புக்கல்லில் உப்பு இன்னும் வேகமாக வழி கண்டுபிடிக்கும்.

கண்ணால் காண விரும்புகிறவர்கள் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போகலாம். மேல்தண்ணீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. ஒரே கிணற்றுக்குள் இரண்டு நீரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கீரிமலையில் இதே கதையின் இன்னொரு பக்கம் தெரியும். அங்கே நிலத்துக்குள் இறங்கிய மழைநீர் கடலோரத்தில் ஊற்றாகப் பொங்கிக் கடலில் கலக்கிறது. நாம் சேமிக்கத் தவறிய மழைதான் அங்கே புனித தீர்த்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த மெல்லிய நன்னீரைக் கொண்டு குடாநாட்டு விவசாயி நூற்றாண்டுகளாகத் தோட்டம் செய்தான். எப்படி முடிந்தது என்பதற்கு விடை துலாவில் இருக்கிறது. கிணற்றடியில் இரண்டு ஆடுகால். அவற்றின் குறுக்கே அச்சுலக்கை. அதில் ஏறிக் கிடக்கும் நீண்ட துலா. விடியப்புறம் ஒருவரோ இருவரோ துலாவில் ஏறிக் கிணற்றுப் பக்கமாக நடப்பார்கள். கயிற்றில் தொங்கும் இறைபட்டை தண்ணீருக்குள் இறங்கும். திரும்பி நடப்பார்கள், நிறைந்த பட்டை மேலே வரும். கிணற்று மிதியில் நிற்பவர் பட்டையைச் சரித்து வாய்க்காலுக்குள் ஊற்றுவார். தோட்டத்துக்குள் மண்வெட்டியோடு நிற்பவர் ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயைக் கட்டி அடுத்ததை வெட்டிவிடுவார். தண்ணி மாறுவது என்பது அந்த வேலை. பெரும்பாலும் சிறுவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் தோட்ட வேலை அதுவே. பங்குக் கிணறு என்றால் இறைப்பு முறைநாள் உண்டு. அந்த நாள் தவறினால் அடுத்த முறை வரும் வரை பயிர் காத்துக் கிடக்கும்.

இந்த முறையின் சிறப்பு அதன் சிரமத்தில்தான் இருந்தது. மனிதக் கால் களைத்தால் இறைப்பு நிற்கும். இறைப்பு நின்றால் கிணறு ஊறும். கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறுவதற்குள் நன்னீர் திரும்பிச் சேர்ந்துவிடும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டத்துக்கு வந்தன. துலா மிதித்துத் தேய்ந்த கால்களுக்கு அது விடுதலை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. 1970களின் முதற்பாதியில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது இந்த இயந்திரங்கள் யாழ்ப்பாண விவசாயிக்குப் பொற்காலத்தைக் கொண்டுவந்தன. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் இயந்திரம் களைப்பதில்லை. கிணற்றின் அடி தெரியும்வரை இறைக்கும். கரையோரக் கிணறுகள் சவர் தட்டத் தொடங்கின. நல்ல தண்ணிக் கிணற்றைத் தேடிக் குடத்தோடு நடக்கும் தூரம் கூடியது.

உப்பு மட்டும் பிரச்சினையல்ல. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிப் போட்ட யூரியா, செம்பாட்டு மண்ணைத் தாண்டிக் கல்லின் வெடிப்புகளால் நேரே நிலத்தடிக்குப் போனது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைதரேற்று அளவு குடிநீருக்கான வரம்பை மீறி நிற்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு, அதே வளவில் ஒரு மலசலகூடக் குழி. நடுவில் வடிகட்டும் மண் இல்லை, பொந்துக் கல்தான். 2014-15 காலத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், அதுபற்றிய வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்குக் கட்டளையிட்டதையும் பலரும் அறிவர். குடாநாட்டின் ஓரிடத்தில் நிலத்துக்குள் விடுவது இன்னோரிடத்துக் கிணற்றில் வந்து நிற்கும் என்பதை அந்த அனுபவம் எல்லோருக்கும் விளங்க வைத்தது.

இந்தப் பின்னணியில்தான் சண்முகம் ஆறுமுகத்தின் திட்டத்தைப் பார்க்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர் பதவி வகித்த பொறியியலாளர் அவர். இலங்கையின் நீர்வளம் பற்றி 1969 இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. உள்நாட்டுக் களப்புகளில் கடலைத் தடுத்து நன்னீராக்கலாம் என்ற யோசனை பிரித்தானியர் காலத்திலேயே எழுந்து எழுந்து அடங்கியது. அதை முழுமையான ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஆறுமுகம். 1954 இல் அவர் முன்வைத்த அத்திட்டத்தை 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்றே சொல்லுகிறார்கள்.

அதன் தருக்கம் எளிமையானது. வன்னியிலிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் களப்பில் விழுந்து கடலுக்குப் போகிறது. ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் கடலோடு உள்ள தொடர்பை அடைத்தால் அந்தக் களப்பு நன்னீர்த் தேக்கமாகும். அங்கிருந்து முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால் நீர் வடமராட்சிக் களப்புக்குள் வரும். வடமராட்சிக் களப்பின் வாயைத் தொண்டைமானாற்றிலும், உப்பாற்றுக் களப்பின் வாயை அரியாலையிலும் கதவிட்டு மூடினால், வன்னி மழை குடாநாட்டின் நடு வயிறுவரை வந்து நிற்கும். ஒரு முழு ஆற்றின் வேலையைக் களப்புகளைக் கோத்தே செய்துவிடலாம்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணை, திட்டம் முழு வடிவம் பெறுமுன்னரே 1953 இலும், அரியாலைத் தடுப்பணை அதை அடுத்த சில ஆண்டுகளிலும் முடிந்தன. ஆனையிறவில் வேலை நடந்தது. ஆனால் சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது, முள்ளியான் வாய்க்கால் முடிக்கப்படாமல் நின்றது. வாசலும் புறவாசலும் கட்டிய வீட்டுக்குக் கிணறு வெட்டாமல் விட்டதுபோல ஆயிற்று. தொண்டைமானாற்றின் மரக்கதவுகள் உப்பில் இற்று ஒழுகின. குடாநாட்டின் ஐம்பதுகளும் அறுபதுகளும் அரசியலில் கொந்தளித்த ஆண்டுகள். ஆயினும் ஒரு வாய்க்காலை முடிக்க முடியாமல் போனதற்கு அரசியல் கொந்தளிப்பை மட்டும் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. கொழும்புக்கு இது சிறிய வேலை. யாழ்ப்பாணத்துத் தலைமைகளுக்கும் இது முதலாவது கோரிக்கையாக இருந்ததில்லை.

திட்டத்தை எதிர்ப்பவர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள். இத்தனை ஆழங்குறைந்த களப்பில் தேக்கிய நீர் கோடையில் ஆவியாகித் தீர்ந்துவிடாதா? பெரும்பகுதி ஆவியாகும் என்பது உண்மை. யாழ்ப்பாணத்து வெயில் ஆண்டில் விழும் மழையைவிடக் கூடுதலான நீரை ஆவியாக்கவல்லது. ஆனால் களப்பில் நீரைத் தேக்குவதன் பயன் அதிலிருந்து அள்ளி இறைப்பதில் மட்டும் இல்லை. களப்பின் நீர்மட்டம் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை உயர்ந்து நின்றால், சுற்றியுள்ள கல்லுக்குள் இருக்கும் நன்னீர் களப்பை நோக்கி வடியாது; மேலே உள்ள ஒவ்வொரு சாணுக்கும் கீழே நாற்பது மடங்கு நன்னீர் தங்கும். இடைக்காட்டுத் தோட்டக்காரர் களப்பில் ஒரு வாளி நீர் கூட எடுக்காமலே தன் கிணற்றில் அதன் பலனை எடுப்பார். கூடவே, களப்பின் அடிமண்ணில் ஊறிக் கிடக்கும் உப்பும் மழைநீரில் கரையும். ஒவ்வொரு மாரியிலும் முதல் வெள்ளத்தை நிரப்பி, கரைந்த உப்போடு கடலுக்கு விட்டு, அடுத்த வெள்ளத்தைப் பிடித்துவைக்க வேண்டும். பல ஆண்டுகள் விடாமல் செய்தால்தான் மண் தேறும். இரண்டு ஆண்டு செய்து, மூன்றாம் ஆண்டு கதவு ஒழுகினால் எல்லாம் பழையபடி உவராகிவிடும். எனவே இத்திட்டத்தில் சீமெந்தையும் இரும்பையும் விட முக்கியமானது தொடர்ச்சி.

அந்தத் தொடர்ச்சியைத்தான் உள்நாட்டுப் போர் அறுத்தது. 1986 இல் சந்நிதியின் சித்திரத்தேர் எரிக்கப்பட்டது. 1987 மே 26 இல் தொடங்கிய அரசின் படைநடவடிக்கை வடமராட்சிக்குள் நுழைந்தபோது தொண்டைமானாறு முன்னரங்கு. 1990 இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பின், மேற்கே பலாலிவரை கரையோரம் உயர் பாதுகாப்பு வலயமானது. கரையோர வீதி பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது. கதவுகளைப் பேணுவார் இருக்கவில்லை. கடல் வந்து போய்க்கொண்டிருந்தது. போர் முடிந்த பின்னர் அணை திருத்தப்பட்டுப் புதுக் கதவுகள் போடப்பட்டன.

இந்த ஊரின் பெயரை வடக்குக் கிழக்கில் உயர்தரம் படித்த மாணவர்கள் வேறு வழியிலும் அறிவார்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாள்கள் செய்யாமல் விஞ்ஞானப் பிரிவில் பரீட்சைக்குப் போனவர் குறைவு. அந்த நிலையம் இங்கே அமைந்தது பொருத்தமானது. சுண்ணாம்புக்கல் கரை, மணல், களப்பு, கண்டல், உவர்த்தரவை, தோட்டம் எல்லாம் காலையில் நடக்கத் தொடங்கி மத்தியானத்துக்குள் பார்த்து முடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. உயிரியல் மாணவன் ஒருவனுக்கு இதைவிடச் செறிந்த ஆய்வுகூடம் குடாநாட்டில் கிடையாது. போர் அதை வினாத்தாள் நிலையமாக்கியது. களவேலைக்கும் அது முழுமையாகத் திரும்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

இப்போது மீன்பிடிகாரரிடம் வருவோம். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகத்தால் களப்புக்குள் வந்து, சேற்றிலும் கண்டல் வேர்களிலும் ஒதுங்கி வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. மணலை போன்ற மீன்களும் அப்படியே போய் வருகின்றன. கதவு மூடிய களப்பில் இந்தப் போக்குவரத்து நின்றுபோகும். வீச்சுவலையோடும் அத்தாங்கோடும் களப்புக்குள் இறங்குகிறவருக்கு, மூடிய கதவு என்பது அடுப்பு எரியாத நாள். நன்னீர்த் திட்டம் பற்றிய எழுத்துகளில் ஏக்கர்க் கணக்கு வருகிறது, கன அடிக் கணக்கு வருகிறது. இந்த அடுப்பின் கணக்கு பெரும்பாலும் வருவதில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். நெதர்லாந்து 1932 இல் 32 கிலோமீற்றர் நீள அணையால் சைடர்சே என்ற வளைகுடாவை வடகடலிலிருந்து பிரித்தது. சில ஆண்டுகளில் அது நன்னீர் ஏரியாகிவிட்டது. ஆனால் அணை முடிவதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1925 இல், தொழில் இழக்கப்போகும் மீனவருக்கு உதவிப்பணம் வழங்க அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. இப்போது, கடலுக்கும் ஏரிக்கும் இடையே மீன்கள் போய்வர அதே அணையில் தனி வழி அமைக்கிறார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது கேரளத்தின் தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு நெல்வயல்களில் உப்பு ஏறாமல் இருக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே கட்டப்பட்டு 1976 இல் இயங்கத் தொடங்கியது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் கதவு மூடும் நாளும் திறக்கும் நாளும் உழவருக்கும் மீனவருக்கும் இடையே வழக்காகிறது. தேங்கிய நீரில் உரமும் களையும் பெருகின, மீன்வளம் சுருங்கியது. அந்த அனுபவத்திலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் அணை கூடாது என்பதல்ல. கதவின் நாட்களை ஒரு சாராரின் தேவைக்கு மட்டும் குறிப்பது தவறு என்பதுதான்.

தொண்டைமானாற்றுக் கதவுகளுக்கும் ஒரு காலக்கணக்கு வேண்டும். களப்பு வற்றிச் சுற்றிலும் உப்புப் பூக்கும் கடுங்கோடையில், தேக்கி வைக்க நன்னீர் இல்லாத நாட்களில், கதவின் ஒரு பகுதியைத் திறந்து கடல் உயிர்களை உள்ளே விடுவதால் வயலுக்கு எவ்வளவு கேடு வரும்? முதல் மாரியில் அந்த உப்பைக் கழுவ எவ்வளவு வெள்ளம் தேவை? கார்த்திகைப் பெருமழையில் எந்த மட்டத்தில் திறந்தால் கப்பூது வயல் தப்பும், எந்த மட்டத்துக்கு மேல் தேக்கினால் வீடுகளுக்குள் நீர் வரும்? 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை மூழ்கடித்தபோது கடைசிக் கேள்விக்கு விடை தெரியாததன் விலையைச் சனம் கொடுத்தது. இவை அளந்து அறியக்கூடிய விடயங்கள். களப்பின் நீர்மட்டம், உப்பளவு, சுற்றியுள்ள கிணறுகளின் நிலை ஆகிய மூன்றையும் கிழமைக்கு ஒருமுறை குறித்து, பிரதேச சபை வாசலிலும் கோயில் மடத்திலும் ஒட்டினால் போதும். சில ஆண்டுகளில் இந்த ஊருக்கு உரிய கணக்கு கையில் இருக்கும்.

இதற்கிடையில் குடாநாடு வேறு வழிக்குப் போய்விட்டது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களின் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. தங்களுக்கே சிறுபோகத்துக்கு நீர் போதாத குளம் அது. ஆகவே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது. குழாயில் நல்ல தண்ணீர் வருவதை யாரும் வெறுக்க மாட்டார்கள். நைதரேற்றுக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய்க்கு அது பெரும் ஆறுதல். ஆனால் அந்த நிலையம் மின்சாரத்தில் ஓடுகிறது, சவ்வுகளுக்கும் பராமரிப்புக்கும் ஓயாத செலவு கேட்கிறது, மிச்ச உவர்நீரைத் திரும்பவும் கடலில்தான் விட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குக் குடிநீர் தரலாம். இடைக்காட்டு வெங்காயத்துக்கும் கரணவாய் நெல்லுக்கும் அது தண்ணீர் தராது. குழாய் வந்துவிட்டது என்ற நிம்மதியில் கிணறுகளைக் கைவிட்டால், குடாநாட்டு விவசாயத்தையும் சேர்த்தே கைவிடுகிறோம்.

அதனால் தாளையடி வந்த பிறகும் தொண்டைமானாறு முடிந்துபோன கதையல்ல. முள்ளியான் வாய்க்காலை முடிப்பதா என்பது பெரிய முடிவு. ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கினால் அங்கே இறால் பிடிக்கும் குடும்பங்களுக்கும், 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்கு வரும் பூநாரைகளுக்கும் என்ன நேரும் என்று பார்த்தே அதைச் செய்ய வேண்டும். வடமராட்சிக் களப்பு அப்படியல்ல. கதவுகள் ஏற்கனவே நிற்கின்றன, களப்பு ஏற்கனவே பாதி மாறிவிட்டது. அதை ஒழுங்காக நடத்தப் புதிதாக எந்த அணையும் கட்டத் தேவையில்லை. நீர்ப்பாசனத் திணைக்கள அதிகாரிகளோடு கமக்கார அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் வெளிக்கள நிலையத்து ஆசிரியர்களும் ஒன்றாக இருந்து, கதவின் நாட்களைக் குறிக்க வேண்டும். மூடும் மாதங்களில் தொழில் இழக்கும் குடும்பங்களுக்கு உதவிப்பணமும் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக வேண்டும். மழைக்கு முன்னதாக ஆவணியில் கூடுவது வசதி. சந்நிதித் திருவிழாவுக்குக் களப்பின் எல்லாக் கரைச் சனமும் தொண்டைமானாற்றுக்கு வந்து நிற்கும் மாதம் அது.